கல்யாண போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? எந்தக் கோப்புக்கு எந்த வழி

ஒரு கல்யாணத்தை ஒட்டிக் கைமாறும் கோப்புகளை எண்ணிப் பாருங்கள். பத்திரிகை மேட்டர், அதன் ப்ரூஃப், வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ், மூவாயிரம் நாலாயிரம் போட்டோ, ஆல்பம் டிசைன், மூன்று மணி நேர வீடியோ, திருமணப் பதிவுக்கு ஆதார். இத்தனையும் வாட்ஸ்அப் என்ற ஒரே வாய்க்காலில் ஓடுவதால்தான் முகம் மங்கிய ஆல்பமும் எழுத்து உடைந்த பத்திரிகையும் வந்து சேர்கின்றன.

சின்ன கோப்பு என்றால் வாட்ஸ்அப், பெரிது என்றால் கூகுள் டிரைவ் என்று அளவைப் பார்த்து வழி தேர்வதுதான் வழக்கம். அளவைப் பிறகு பார்க்கலாம். வாங்குகிறவர் அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். படித்துவிட்டு விடுவாரா, அதிலிருந்து பொறுக்கி எடுப்பாரா, அச்சுக்குப் போடுவாரா, முப்பது வருஷம் வைத்திருப்பாரா, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டுமா? ஒரே போட்டோவுக்கே இந்த ஐந்துக்கும் ஐந்து வழி.

பத்திரிகை

அச்சகத்துக்கு மேட்டர் கொடுக்க மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது: கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவது, வேர்டு கோப்பு, வாட்ஸ்அப்பில் அப்படியே தட்டச்சு செய்த செய்தி. மூன்றில் கடைசியே மேல். கையெழுத்தைப் பார்த்து அங்கே ஒருவர் மறுபடி அடிக்க வேண்டும், ஒவ்வொரு பெயரிலும் ஒரு பிழைக்கு வாசல் திறக்கும். செய்தியாக அனுப்பினால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து, நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

அதிலும் ஒரு இடறல் உண்டு. பல அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் கோரல்டிரா, பேஜ்மேக்கர் என்ற வடிவமைப்பு மென்பொருள்களில் வேலை நடக்கிறது. யூனிகோடிலிருந்து அதற்கு ‘மாற்றி’ (கன்வர்ட்டர்) என்ற மென்பொருள் வழியாக மாற்றுவார்கள். அப்போது அடிபடுவது கிரந்த எழுத்துகளும் ‘ஸ்ரீ’யும். ‘ஸ்ரீ’யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாற்றிக்கு ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் மற்றது குப்பையாக வரும். ப்ரூஃப் வந்ததும் முதலில் ஸ்ரீ, க்ஷ, ஷ, ஜ, ஹ வரும் பெயர்களைப் பாருங்கள். அடுத்து ‘ஔ’வின் இறக்கை, தேதி, நேரம். மற்ற வரிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ப்ரூஃப் படமாக வந்தால் போதும், அது படிப்பதற்குத்தான். அச்சுக்குப் போகிற கோப்பை டிசைனர் ஒரு ஊரிலும் அச்சகம் இன்னொரு ஊரிலும் இருந்துகொண்டு பரிமாறும்போது விதி வேறு. கோரல்டிரா கோப்பை அப்படியே அனுப்பினால் இரண்டு இடத்தில் சிக்கும். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அங்கே பழைய பதிப்பு இருந்தால் கோப்பே திறக்காது. ஒரு நகல் எடுத்து, எல்லா எழுத்தையும் தேர்ந்து, கண்ட்ரோல் க்யூ அழுத்தி வளைகோடாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வளைகோடான எழுத்தை இனித் திருத்த முடியாது. அசல் கோப்பைத் தனியாக வைக்காதவர் ‘மாலை 6 மணி’யை ‘6.30’ ஆக்கச் சொல்லி போன் வரும்போது முழு வரியையும் புதிதாக அடிப்பார்.

உறவினருக்கு அனுப்பும் பத்திரிகை இதற்கு நேர் எதிர். அதை வாட்ஸ்அப் சுருக்கினால் நல்லதே. பிடிஎஃபாக அனுப்பினால் பெரியவர்கள் பலர் திறப்பதில்லை, படமாக வந்தால் விரல் வைக்காமலே தெரியும். மறுபக்கம், உங்களுக்கு வருகிற பத்திரிகையின் கோப்புப் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் தொடாதீர்கள். அது அழைப்பிதழே இல்லை, போனில் நிறுவிக்கொள்ளும் செயலி. இப்படிக் கல்யாணப் பத்திரிகை வேஷத்தில் வரும் செயலிகளைப் பற்றிக் காவல்துறையின் சைபர் பிரிவுகளே எச்சரித்திருக்கின்றன. பத்திரிகை படமாகவோ, பிடிஎஃபாகவோ, வீடியோவாகவோதான் வரும்.

போட்டோ: தேர்வுக்கு ஒரு பிரதி, அச்சுக்கு ஒரு பிரதி

ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 4,000 படம் என்று வைத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல் கேமராவில் நல்ல தரத்து ஜேபெக் ஒன்று சுமார் 10 எம்பி. மொத்தம் 40 ஜிபி. கேமரா பதியும் மூலத் தரவான ரா கோப்பு என்றால் இதன் இரண்டு மூன்று மடங்கு.

வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால் நீளப்பக்கம் பெரும்பாலும் 1,600 பிக்சலுக்கு இறங்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால் அது ஐந்தேகால் அங்குலம். போஸ்ட்கார்டு அளவுக்குச் சரி, 12×18 பக்கத்துக்குப் போட்டால் முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். 2023 ஆகஸ்டில் வந்த எச்டி வசதி இதைத் தணிக்கிறது, நீக்குவதில்லை. அசலே போக வேண்டுமானால் இணைப்புக் குறியைத் தொட்டு ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்து அனுப்ப வேண்டும். அதில் ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும், ஒரு பிக்சலும் குறையாது.

தரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை: கோப்பின் பெயர். கேமராவில் ‘டிஎஸ்சி04567’ என்று இருந்த படம் வாட்ஸ்அப்பில் போய் இறங்கும்போது தேதியும் ‘டபிள்யூஏ0012’ என்ற வரிசை எண்ணும் கொண்ட புதுப் பெயர் பெறும். வீட்டார் அதில் நூற்றைம்பது படத்தைத் தேர்ந்து திருப்பி அனுப்புவார்கள். ஸ்டுடியோக்காரர் நாலாயிரத்தில் அதைக் கண்ணால் தேட வேண்டும். கண்ணை மூடிய படத்துக்கும் திறந்த படத்துக்கும் நடுவே ஒரே விநாடிதான் வித்தியாசம், தவறான படம் ஆல்பத்தில் ஏறுவது இப்படித்தான்.

தேர்வுக்கு ஏற்ற வழி இது. முதலில் படங்களுக்குப் பெயர் மாற்றுங்கள். இரண்டு கேமரா இருந்தால் இரண்டிலும் ஒரே எண் வந்திருக்கும், ஒரே கேமராவிலும் 9999 தாண்டினால் மறுபடி 0001. எனவே ஏ0001, பி0001 என்று கேமராவுக்கு ஒரு எழுத்தோடு. பிறகு லைட்ரூமிலோ போட்டோஷாப்பிலோ நீளப்பக்கம் 2,048 பிக்சல், தரம் 70 முதல் 80 என்று சிறு பிரதி எடுங்கள். ஒன்று அரை எம்பிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், நாலாயிரமும் சேர்ந்து இரண்டு இரண்டரை ஜிபி. இது கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபிக்குள் அடங்கும். 40 ஜிபி அடங்காது. அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான் என்பதையும் மறக்க வேண்டாம், நிரம்பினால் மெயில் வருவதே நின்றுவிடும்.

டிரைவா, கூகுள் போட்டோஸா? தேர்வுக்கு டிரைவ். கோப்புப் பெயர் படத்தின் கீழேயே தெரியும், வீட்டார் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதினால் போதும். போட்டோஸில் பெயரைப் பார்க்க ஒவ்வொரு படத்தையும் மேலே தள்ள வேண்டும். அதில் ‘ஃபேவரிட்’ குறி போட்டுத் தேர்ந்துவிட்டோம் என்று சிலர் நினைப்பார்கள். ‘ஃபேவரிட்’ என்பது அவரவர் கணக்குக்குள் மட்டும், ஸ்டுடியோவுக்குத் தெரியாது. ஆனால் சித்தப்பா வீடு, சிங்கப்பூர் அத்தை, கல்லூரி நண்பர்கள் எல்லாரும் பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் போட்டோஸ் ஆல்பமே சுகம்: லிங்கைத் தொட்டால் திறக்கும், எதையும் இறக்க வேண்டாம். விருந்தினர் போனில் எடுத்த படங்களையும் அதில் சேர்க்கிறீர்கள் என்றால் ஆல்ப அமைப்பில் இருப்பிடம் பகிர்வதை அணைத்துவிடுங்கள். போன் படத்தில் வீட்டு வாசலின் இருப்பிடமே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கூடவே போகும்.

டிரைவ் லிங்க் கொடுக்கும்போது நடப்பது இரண்டு கோளாறு. அனுமதி ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்றே இருந்தால் ஒவ்வொருவரும் அனுமதி கேட்டு உங்களுக்கு மெயில் வரும். அதைச் சரிசெய்யும் அவசரத்தில் ‘எடிட்டர்’ ஆக்கிவிட்டால், மாமா ஒருவர் தன் போனில் இடம் நிறைந்துவிட்டது என்று படங்களை நீக்க, அவை எல்லாருக்கும் மறையும். ‘லிங்க் உள்ள எவரும், வியூவர் மட்டும்’ என்பதே வேண்டியது. இன்னொன்று, கோப்புறையை மொத்தமாக இறக்கினால் டிரைவ் அதை 2 ஜிபி அளவில் பல ஜிப் துண்டாகத் தரும். எல்லாத் துண்டும் இறங்கியதா என்று எண்ணிப் பார்த்து, அனைத்தையும் ஒரே இடத்தில் விரிக்க வேண்டும். ‘பாதிப் படம் காணோம்’ என்ற புகார்களில் பெரும்பாலானவை ஒரு துண்டு இறங்காமல் போனதுதான்.

வீட்ரான்ஸ்ஃபர் போன்ற தற்காலிக லிங்க் சேவைகள் டிசைனர்களுக்குப் பிடித்தவை, வீட்டாருக்குப் பொருந்தாதவை. இலவச லிங்க் சில நாளில் காலாவதியாகும், மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து ஆற அமர உட்காரும்போது அது இருக்காது. அந்தத் தளமே 2020 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை உத்தரவால் இந்தியாவில் முடக்கப்பட்டது. ஒற்றைச் சேவையை நம்பித் தொழில் நடத்தினால் இதுதான் சங்கடம்.

டெலிகிராமைப் பற்றி ஒரு வார்த்தை. 2 ஜிபி வரை கோப்பாக அனுப்பலாம், போன் மாற்றினாலும் அதன் சர்வரில் இருக்கும், குழுவில் பின்னால் சேர்ந்தவரும் பழைய படங்களைப் பார்க்க வழி உண்டு. வாட்ஸ்அப்பில் நாள் கழித்துத் தொட்டால் ‘மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்’ என்றுதான் வரும். ஆனால் டெலிகிராமின் சாதாரண அரட்டை, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முனைக்கு முனை மறையாக்கம் இல்லாதது. கல்யாண போட்டோவுக்குப் பரவாயில்லை, ஆதாருக்கு வேண்டாம்.

ஆல்பம் ஷீட்

12×36 ஷீட் ஒன்று 300 புள்ளியில் 10,800×3,600 பிக்சல். டிசைனைச் சம்மதத்துக்காக வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அகலம் 1,600 ஆனால் உயரம் 533தான் மிஞ்சும். மூலையில் சின்னதாக வைத்த பாட்டியின் படமும், அடியில் போட்ட பெயரும் படிக்க வராது. வீட்டார் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள், பிழை ஆல்பம் வந்த பிறகு தெரியும். சம்மதத்துக்கு எல்லா ஷீட்டையும் ஒரே பிடிஎஃபாக்கி, 20 எம்பி அளவுக்குள் வைத்து, டாக்குமெண்டாக அனுப்புங்கள். பக்க எண் இருப்பதால் ‘7ஆம் ஷீட்டில் இடது ஓரம்’ என்று பேசவும் வசதி. நிறத்தை மட்டும் போன் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அமோலெட் திரையில் பட்டுப்புடவைச் சிவப்பு இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எரியும்.

ஆல்பத்தை அச்சிடும் லேபுக்குப் போவது முழு அளவு ஜேபெக், நிறங்களைக் குறிக்கும் முறை (நிறவெளி) எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் போனால் சில லேப் இயந்திரங்களில் தோல் நிறம் வெளிறி வரும். 40 ஷீட்டும் சேர்ந்து ஒரு ஜிபிக்குள்தான் இருக்கும். 01 முதல் 40 வரை எண்ணிட்டு ஒரே ஜிப்பாக்கி லேபின் சொந்தப் பதிவேற்ற மென்பொருளிலோ டிரைவிலோ போடுங்கள். தனித்தனி நாற்பது கோப்பாக அனுப்பி ஒன்று மட்டும் விட்டுப்போவதைவிட இது பாதுகாப்பு, ஜிப் முழுமையாக இறங்கவில்லை என்றால் திறக்கவே திறக்காது. மெயிலில் இணைக்கலாமே என்றால், ஜிமெயில் எல்லை 25 எம்பி. இணைப்பு எழுத்தாகக் குறியேற்றப்பட்டுப் போவதால் மூன்றில் ஒரு பங்கு வீங்கும், எனவே உண்மையில் 18 எம்பிக்கு மேல் சிரமம். ஒரு ஷீட்டுக்கே அது தாங்காது.

வீடியோவும் அசல்களும்

4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. ஆறு மணி நேரம் ஒரு கேமராவில் 270 ஜிபி. மதுரையில் எடுத்ததைச் சென்னையில் எடிட் செய்ய அனுப்ப வேண்டும் என்றால், பதிவேற்ற வேகம் 40 மெகாபிட் கிடைத்தாலும் விநாடிக்கு 5 எம்பிதான். ஒரு தடையும் வராமல் போனால்கூட 15 மணி நேரம், பிறகு அங்கே இறக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கில் முக்கால் மணி நேரத்தில் நகலெடுத்து இரவு பஸ் பார்சலில் போட்டால் காலையில் சென்னை. இந்த அளவில் இணையம் பஸ்ஸிடம் தோற்கிறது. அங்கே வாங்கியவர் கோப்புறையின் பிராப்பர்டீஸில் கோப்பு எண்ணிக்கையும் மொத்த பைட்டும் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லும்வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. பார்சலில் போகிற டிஸ்க் ஒரே பிரதியாக இருக்கவும் கூடாது.

வீட்டாருக்குக் கொடுக்கும் பென்டிரைவில் வேறு தொல்லை. 32 ஜிபி வரையிலான பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 வடிவத்தில் வரும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, இடம் காலியாக இருந்தாலும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று மறுக்கும். எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் கணினியில் ஓடும், ஆனால் வீட்டில் இருக்கும் பழைய டிவி அதைப் படிக்காமல் போகலாம். வழி: 1080பி தெளிவில், எச்.264 என்ற சுருக்கமுறையில் எம்பி4 கோப்பு, விநாடிக்கு 8 மெகாபிட். மணிக்கு 3.6 ஜிபி ஆகும். மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன், முகூர்த்தம் என்று மணி நேரத் துண்டாகக் கொடுத்தால் ஃபேட்32விலேயே அடங்கும், எந்த டிவியிலும் ஓடும். எச்.265 சிறியது, தரமானது, ஆனால் பழைய டிவியில் சத்தம் மட்டும் வந்து படம் வராத புகார் அதனால்தான்.

மொத்த விலையில் மலிவாகக் கிடைக்கும் பென்டிரைவை வாங்கினால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் மென்பொருளை ஒரு தடவை ஓட்டுங்கள். 64 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகளில் கோப்புப் பெயர் எல்லாம் தெரியும், ஆயிரமாவது போட்டோவுக்கு மேல் எதுவும் திறக்காது. நிஜமான பென்டிரைவும் கொடுத்து வாங்கத்தான். பல வருஷம் அலமாரியில் வைக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றும், வேறொரு வீட்டில் இன்னொன்றும்.

வெளிநாட்டு உறவினருக்கு முழு வீடியோவையும் காட்ட யூடியூப் ‘அன்லிஸ்டட்’ வசதியானது. போன் எண் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற விடாது, முதலில் அதை முடியுங்கள். லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பதால் அது பூட்டு இல்லை, சாத்திய கதவு. பின்னணியில் சினிமாப் பாட்டு இருந்தால் காப்புரிமைக் கோரல் வரும், சில நாடுகளில் வீடியோ ஓடாமலும் போகும். மண்டபத்தில் ஒலித்த பாட்டுக்கும் இது பொருந்தும். அப்படி வந்தால் யூடியூப் லிங்கைவிட டிரைவ் லிங்க் அமைதியானது.

மண்டபத்திலேயே கைமாற்ற

பக்கத்தில் நிற்பவருக்கு அனுப்ப இணையம் எதற்கு? ஆண்ட்ராய்டுக்கு ஆண்ட்ராய்டு குவிக் ஷேர், ஐபோனுக்கு ஐபோன் ஏர்டிராப். இரண்டும் ப்ளூடூத்தில் ஆளைக் கண்டுபிடித்து வைஃபையில் நேரடியாக அனுப்புகின்றன. டேட்டா தீராது, தரம் குறையாது. ஐபோனில் ‘எவ்ரிஒன்’ என்று வைத்தால் பத்து நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும், ஆள் தெரியவில்லை என்று தவிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலி, இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். மண்டபத்தின் விருந்தினர் வைஃபை கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாது என்றால் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றதை இணையுங்கள். ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அடங்கியவை. எங்கிருந்தோ இறக்கிய நகலை இன்னும் பயன்படுத்துபவர் அதை விட்டுவிடலாம்.

ஆதார்

தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம், 2009 படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்காக ஆதாரும் வயதுச் சான்றும் ஜெராக்ஸ் கடைக்குப் போகின்றன. பெரும்பாலோர் செய்வது கடைச் சுவரில் எழுதிய வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புவது. வேலை ஐந்து நிமிடம், கோப்போ அந்தக் கணினியில் மாதக்கணக்கில் கிடக்கும். ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ சுமார் இரண்டரை நாள் வரை வேலை செய்யும், ஆனால் கடைக்காரர் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டதை அது தொடாது. மெயிலும் அப்படியே. பென்டிரைவ் கொண்டுபோனால் கோப்பு அங்கே தங்குவது குறையும், பதிலுக்குக் கடைக் கணினியின் ஷார்ட்கட் வைரஸ் உங்கள் பென்டிரைவில் ஏறி வீட்டுக்கு வரும்.

கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் ஏற்கப்படும் இடத்தில் அதையே கொடுங்கள். முழு ஆதார் கேட்டால் தாளைக் கொண்டுபோய் அங்கேயே ஸ்கேன் செய்து, ஏற்றி முடித்ததும் கண் முன்னால் அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். இ-ஆதார் பிடிஎஃபுக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது, உங்களைத் தெரிந்த யாரும் ஊகிக்கலாம். கோப்பளவு பெரிது என்று தளம் மறுத்தால் 150 புள்ளியில் கறுப்பு வெள்ளையாக மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். இணையத்தில் தேடிக் கிடைத்த முகம் தெரியாத பிடிஎஃப் சுருக்கும் தளத்தில் ஆதாரை ஏற்ற வேண்டாம்.

கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து கோப்பை எடுத்திருந்தால், கடையை விட்டு இறங்குமுன் உங்கள் போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். உலாவியை மூடினாலும் அது வெளியேறியிருக்காது.